எந்தக் கணத்திலும்

புதன்கிழமை வெளிவரும் மாணவர் பக்கத்தைச் செவ்வாய் பிற்பகலிலேயே முடித்துவிடுவோம். அந்தச் செவ்வாய், மூன்று மணிக்கு ஓர் அந்தியேட்டி அழைப்பு வந்தது. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் மறுநாள். எங்கள் பத்திரிகையில் அமைச்சரின் பேச்சைத் தள்ளிப்போடலாம், கிணற்று நீர் பற்றிய கட்டுரையை ஒரு மாதம் கிடப்பில் போடலாம், அந்தியேட்டி அறிவித்தலைத் தள்ள முடியாது. பக்கத்தின் கீழே ஆறு சென்ரிமீற்றர் அதற்குப் போயிற்று. மீதி இடத்துக்குள் ஓர் உயர்தர இணைந்த கணித வினாவையும் விடையையும் நான் அடக்க வேண்டியிருந்தது.

பிரதிகளைச் செம்மையாக்குவது பதினெட்டு வருடங்களாக என் வேலை. கலைப்பிரிவில் படித்தவள். கணிதம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு பிரதியில் எதை எடுத்தால் மற்றது சரியாமல் நிற்கும் என்று எனக்குத் தெரியும் என நம்பியிருந்தேன்.

வினா இதுதான். உச்சி கீழே இருக்கும் கூம்பு வடிவத் தண்ணீர்த் தாங்கி. உயரம் ஆறு மீற்றர், மேல்வாயின் ஆரை மூன்று மீற்றர். நிமிடத்துக்கு இரண்டு கனமீற்றர் வீதம் தண்ணீர் விழுகிறது. ஆழம் நான்கு மீற்றராக இருக்கும் கணத்தில் நீர்மட்டம் என்ன வீதத்தில் உயர்கிறது?

அனுப்பியவர் சண்டிலிப்பாயில் ஒரு தனியார் ரியூட்டரியில் சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்கும் இளம் பெண். ரீச்சர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள்; நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருந்தார். வகுப்பு தொடங்கி மூன்று மாதம். பத்திரிகையில் பெயர் வந்தால் நாலு பேருக்குத் தெரியும் என்று யாரோ சொல்லி, வாரம் ஒரு வினா அனுப்பத் தொடங்கியிருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை.

அவருடைய விடை, "எந்தக் கணத்திலும் நீரின் ஆழம் h, நீர்ப்பரப்பின் ஆரை r என்க" என்று தொடங்கியது. பிறகு ஒத்த முக்கோணிகளைக் கொண்டு r = h/2 என்று வந்தது. கனவளவு வந்தது. அதை நேரம் குறித்து வகையிட்டிருந்தார். அதன் பிறகுதான், "இப்போது h = 4 எனப் பிரதியிட" என்று எழுதி, கடைசி வரியில் விடை.

எனக்கு இது ஒரு தொடக்க நிருபர் எழுதிய விபத்துச் செய்தி போல இருந்தது. எத்தனை பேர் காயம் என்பதை ஐந்தாம் பந்தியில் வைப்பார்களே, அப்படி. தெரிந்த எண்ணை ஏன் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டும்? முக்கியமான தரவு முதல் வரியில் இருக்க வேண்டும். நான்கை மேலே கொண்டுபோனேன். "நீரின் ஆழம் h = 4, ஆரை r = 2 என்க." முக்கோணி வரி தேவையற்றதாயிற்று, எடுத்தேன். "இப்போது h = 4 எனப் பிரதியிட" என்பது கூறியது கூறல்; எடுத்தேன். "எந்தக் கணத்திலும்" என்பது அலங்காரமாகத் தெரிந்தது, அதையும் எடுத்தேன். கடைசி விடை மாறாமல் இருக்கிறதா என்று மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். மாறவில்லை. பக்கம் இடத்துக்குள் அடங்கியது. நாலரை மணிக்கு அச்சுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை பக்க வடிவமைப்பாளர் தன் கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தார்.

"அக்கா, உது எங்கடை பக்கமெல்லோ?"

முகநூலில் எங்கள் பக்கத்தின் படம். முதல் வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். போட்டிருந்தவர் யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புகள் நடத்தும் ஒரு கணித ஆசிரியர். மேலே எழுதியிருந்தார்: "தாங்கியில் தண்ணி ஏறாது பிள்ளையள். h ஐ நாலிலை கட்டிப்போட்டால் பிறகு எங்கை ஏறுறது? அரிச்சுவடி தெரியாதவை வகுப்பெடுத்தால் உதுதான் நடக்கும்." கீழே ரீச்சரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பத்திரிகையின் பெயரை வெட்டியிருந்தார். கருத்துகளில் ஒருவர் "ஏறாத் தாங்கி" என்று எழுத, அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக இருந்தன.

மூலப் பிரதியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த வரி என்னுடையது. அவ்வளவும் விளங்கியது. அதில் என்ன பிழை என்பது மட்டும் விளங்கவில்லை. விடை ஒன்றுதானே.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். ரியூட்டரி தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. மூன்று தகரக் கொட்டகைகள், இடுப்பளவு சுவர். பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் ஒலிவாங்கி வைத்து வர்த்தகப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் இரண்டு கொட்டகைக்கும் கேட்டது. ரீச்சர் நீல நிறச் சேலையில், வெண்பலகைக்கு அருகே, ஒலிவாங்கி இல்லாமல் நின்றார். சின்ன உருவம். வாசலில் என்னைக் கண்டதும் யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. முன் வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பேப்பர் ஆக்கள் வந்திருக்கினம். தாங்கியைப் படம் எடுக்கப் போகினம் போலை."

"எடுக்கட்டும். நீ போய் அதுக்குள்ளை இரு, ஆழம் தெரியும்" என்றார் ரீச்சர். "பதினொராம் கேள்வி இன்னும் முடியேல்லை. முடிச்சுப்போட்டுக் கதை."

வகுப்பு முடியும்வரை பின்வாங்கில் இருந்தேன். பழக்கத்தில் தலைகளை எண்ணினேன். பதினொன்று. பிள்ளைகள் போன பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வரும் புதன்கிழமை திருத்தம் போடுவதாகச் சொன்னேன்.

"என்னெண்டு போடுவியள்?"

"போன கிழமை வந்த விடையிலை தவறு இருந்தது எண்டு."

"விடையிலை தவறு இல்லையே அக்கா."

"அப்ப வழியிலை."

"வழியிலை என்ன தவறு?"

அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்து நீட்டினார். "என்ன பிழை எண்டு தெரியாமல் என்னத்தைத் திருத்தப் போறியள்? வாங்கோ. தாங்கி வேண்டாம், அதாலை நீங்கள் பட்டது போதும். வள்ளம் தாறன்."

பலகையில் ஒரு செங்கோண முக்கோணி கீறினார். நிமிர்ந்த பக்கம் இறங்குதுறை. உயரம் மூன்று மீற்றர். கீழே கடல். கடலில் ஒரு வள்ளம். வள்ளத்தின் மூக்கிலிருந்து இறங்குதுறையின் மேல் விளிம்புக்கு ஒரு கயிறு. மேலே நிற்பவர் கயிற்றைச் செக்கனுக்கு ஒரு மீற்றர் வீதம் இழுக்கிறார். கயிறு ஐந்து மீற்றராக இருக்கும் கணத்தில் வள்ளம் என்ன வேகத்தில் இறங்குதுறையை நெருங்குகிறது?

"ஒரு மீற்றர்தானே" என்றேன். "கயிறு வாற வேகத்திலைதானே வள்ளமும் வரும்."

"எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை. செய்து பாருங்கோ."

பைதகரசு எனக்கு நினைவிருந்தது. மூன்று, ஐந்து, ஆகவே அடிப்பக்கம் நான்கு. நான்கு என்று எழுதிக் கோடிட்டேன். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து என்று எழுதினேன்.

"சரி. இப்ப நேரம் குறித்து வகையிடுங்கோ."

"எனக்கு வகையிடத் தெரியாது."

"அதுக்குப் படிப்பு வேண்டாம். ஒவ்வொண்டும் என்ன வேகத்திலை மாறுது எண்டு கேளுங்கோ. ஒன்பது என்ன வேகத்திலை மாறுது?"

"ஒன்பது மாறாதே."

"பதினாறு?"

"அதுவும் மாறாது."

"இருபத்தஞ்சு?"

அவர் என் வரிக்குக் கீழே, பூச்சியமும் பூச்சியமும் சமன் பூச்சியம் என்று எழுதினார்.

"வள்ளம் நிக்குது அக்கா. கயிறும் நிக்குது. மேலை நிக்கிற மனிசன் மாத்திரம் இழுத்துக்கொண்டு நிக்கிறார்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையின் ஒலிவாங்கி யாரையோ எழுப்பி நிறுத்தியிருந்தது.

பிறகு அவர் என் எண்களை அழித்துவிட்டு நிதானமாக விளக்கினார். இந்த முக்கோணியில் மூன்று மட்டும்தான் எப்போதும் மூன்று. இறங்குதுறை அசையாது. ஐந்தும் நான்கும் அப்படியல்ல. அவை ஒரு கணத்தில் மட்டும் ஐந்தும் நான்கும். அதற்கு முந்திய கணத்தில் வேறு, பிந்திய கணத்தில் வேறு. மாறுபவற்றை எழுத்தாகவே விட வேண்டும். எழுத்துகளுக்கிடையே எந்தக் கணத்திலும் பொருந்தும் உறவு ஒன்றை எழுத வேண்டும். அந்த உறவை வகையிட்டால், ஒன்றின் வேகத்துக்கும் மற்றதன் வேகத்துக்கும் உள்ள தொடர்பு கிடைக்கும். அதன் பிறகுதான் எண்ணை உள்ளே விடலாம். முன்னரே விட்டால் எல்லாம் உறைந்துவிடும்.

மறுபடி செய்தேன். அடிப்பக்கம் x, கயிறு L. அவர் கைகாட்டக் காட்ட எழுதினேன். x ஐ x இன் வேகத்தால் பெருக்கியது, L ஐ L இன் வேகத்தால் பெருக்கியதற்குச் சமன் என்று வந்தது. இப்போது நான்கையும் ஐந்தையும் போட்டேன். வள்ளத்தின் வேகம் செக்கனுக்கு ஒன்றேகால் மீற்றர். கயிற்றைவிட வேகம். கிட்ட வரவர இன்னும் கூடும் என்றார்.

"உண்மையாவோ?"

"எங்கடை அப்பா மயிலிட்டியிலை கடல்தொழில் செய்யிறவர். அவர் உதை வகையிட்டுப் பாக்கேல்லை. பெருவிரலைச் சுவரோடை நசிச்சுத்தான் படிச்சவர்."

அவருடைய குடும்பம் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த பல வருடங்களுக்குப் பிறகு அவர் முகாமில் பிறந்தார். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகுதான் சொந்த ஊரையே பார்த்திருக்கிறார். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார். ஒரு படிவத்தை நிரப்புவது போலச் சொன்னார்.

"வகுப்புக்கு எத்தினை பேர் வாறவை?" என்று கேட்டேன்.

"இண்டைக்குப் பதினொண்டு. நீங்கள்தான் எண்ணினீங்களே, நான் பாத்தனான். ஆனா அது இல்லை கேள்வி. போன சனி பதினாலு."

வாசலில் ரியூட்டரிக்காரர் திறப்புக் கோர்வையோடு வந்து நின்றார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சேட், காதில் கோயில் பூ. நான் யார் என்று தெரிந்ததும் தன் பக்கத்தை என்னிடமே சொன்னார். "பிள்ளை நல்லாப் படிப்பிக்கிறா, அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா அக்கா, சனிக்கிழமைக் கொட்டகைக்கு ஆக்கள் நிக்கினம். பத்துப் பேருக்குக் குறைஞ்சால் மாத முடிவிலை வேறை ஆளுக்குக் குடுக்கிறதுதான் இஞ்சத்தை வழமை. பிள்ளைக்கும் அது தெரியும்."

ரீச்சர் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். பத்து என்ற எண்ணை எனக்காக யாரும் மறுபடி சொல்லவில்லை.

திங்கட்கிழமை திருத்தத்தை எழுதினேன். ஏழு வரி. ஆசிரியை அனுப்பிய மூலப் பிரதியில் விடை முறை சரியாக இருந்தது. செம்மையாக்கத்தின்போது ஆழத்தின் பெறுமானம் முற்கூட்டியே சேர்க்கப்பட்டு, "எந்தக் கணத்திலும்" என்ற சொற்கள் நீக்கப்பட்டதால் முறை பிழையாயிற்று. இது எமது தவறு. செய்தி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி வாசித்தார்.

"தங்கச்சி, கடைசி விடை சரியோ?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு?"

"வழி பிழை அண்ணை. அவவின்ரை பேரிலை வந்திட்டுது."

"செம்மையாக்கத்தின்போது எண்டு போட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான், என்ரை அறிக்கையிலும் நீங்கள்தான் கை வைச்சனீங்கள் எண்டு. வைச்சிட்டுப் போ. பாப்பம்."

வைத்துவிட்டுப் போனேன். செவ்வாய் மாலை அச்சுக்குப் போன பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். புதன் காலை பக்கத்தின் அடியில், எட்டுப் புள்ளி எழுத்தில், ஒரே வசனம் இருந்தது. "கடந்த வாரம் இப்பக்கத்தில் வெளியான இணைந்த கணித விடையில் இடம்பெற்ற தவறுக்கு வருந்துகிறோம்."

இலக்கணப் பிழை இல்லை. தகவல் பிழையும் இல்லை. யார் விட்ட தவறு என்பது மட்டும் இல்லை. கடந்த வார விடையின் கீழே இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

ஒன்பது மணிக்கு ரீச்சர் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, திருத்தம் பாத்தனான்."

"நான் எழுதினது அது இல்லை ரீச்சர். வெட்டிப்போட்டினம்."

"நான் எழுதினதும் அது இல்லைத்தானே." என்றார். "முதல் அந்த யாழ்ப்பாணத்துச் சேர் மாத்திரம்தான் பிழை எண்டு சொன்னவர். இப்ப பேப்பரும் சொல்லுது."

அந்தச் சனி ஏழு பேர் வந்தார்கள். இம்முறை நான் போய் எண்ணவில்லை. ரியூட்டரிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

அடுத்த திங்கள் ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதினேன். பத்திரிகைத் தலைப்புத் தாள் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதினேன். மூலப் பிரதியையும் அச்சான பகுதியையும் அருகருகே போட்டோக் கொப்பி எடுத்து இணைத்தேன். என் கையொப்பம், கீழே என் கைத்தொலைபேசி இலக்கம். சந்தேகம் உள்ள பெற்றோர் என்னிடமே கேட்கலாம் என்று எழுதினேன். ரியூட்டரியின் அறிவித்தல் பலகையில் ஒட்டக் கொடுத்தேன். பிள்ளைகள் அதைப் படமெடுத்துத் தங்கள் வட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். பெரிய வகுப்பு ஆசிரியரின் பதிவின் கீழும் ஒருத்தி போட்டாள். அவர் அதை நீக்கவில்லை, பதிலும் எழுதவில்லை. தன் பதிவையும் எடுக்கவில்லை.

கடிதம் இரண்டு நாளில் செய்தி ஆசிரியரின் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

"பேப்பரின்ரை மானத்தைக் கொட்டகையிலை கொண்டுபோய் ஒட்டிப்போட்டாய், என்ன?"

"என்ரை பேரைத்தான் ஒட்டினனான் அண்ணை."

"உனக்கெண்டு தனிப் பேர் எங்கை இருக்கு உங்கை?"

மாணவர் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். என்னை மரண அறிவித்தல் பக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே யாருடைய பிரதியிலும் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. மருமக்களின் பெயர்களை எழுத்துக்கெழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். தண்டனை என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

மூன்றாம் சனி ஒன்பது பேர். இரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். ரியூட்டரிக்காரர், மாதம் முடிய இன்னும் ஒரு சனி இருக்கிறது, அன்று பத்தாவது ஆள் வந்தால் கொட்டகை ரீச்சருக்கே என்றார். கணக்கீட்டு ஆசிரியர் தனக்கு இரண்டு கொட்டகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கு முந்திய வெள்ளி, மாலை ஐந்து மணி போல, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கடிதத்தைப் பார்த்து என்னை அழைத்தவர் அந்த ஒருவர்தான். பின்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தம்.

"பேப்பரிலை இருக்கிற தங்கச்சியோ?"

"ஓம், சொல்லுங்கோ."

சண்டிலிப்பாயில் தோட்டம் செய்பவர். மகள் உயர்தரம் கணிதம். முன்னர் இந்த வகுப்புக்குப் போனவள். தாங்கிக் கதை வந்ததும் மறித்துவிட்டாராம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். போய்வரவே நாள் முடிந்துவிடுகிறது. மகள் திரும்ப இங்கேயே போகப்போவதாகக் கரைச்சல் கொடுக்கிறாள்.

"அந்தக் கடிதம் வாசிச்சனான். அப்ப பிழை அவவின்ரை இல்லை?"

"இல்லை. முழுக்க என்ரை. அவ அனுப்பினது சரி. பக்கத்திலையே ஒட்டியிருக்கு, மகளை வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ."

"மகளும் அதைத்தான் சொல்லுறாள். வடிவா விளங்கப்படுத்துவாவாம்."

"ஓம். எனக்கே விளங்கப்படுத்தினவ. நான் கணக்கிலை முட்டை."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. எனக்குள் ஒன்பது பத்தாகிவிட்டது. மோட்டார்ச் சத்தம் நின்றது, நிறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ எந்த ஊர்?"

"மயிலிட்டி."

"மயிலிட்டியிலை... எந்தப் பக்கம்?"

சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊரின் பெயர் கேட்டபின் எந்தப் பக்கம் என்று கேட்பது, வழி கேட்பதல்ல. சாதியைக் கேட்பதற்கு எங்கள் பகுதியில் உள்ள மரியாதையான முறை அது. என் வீட்டிலும் விருந்தினர்களிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டிருக்கிறேன். கேட்பவர் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியும் எனக்குத் தெரியும். அப்போதுதான் ஒரு விடயம் தெளிந்தது. வகுப்பை விட்டுப் போன ஐந்து பேரில் எத்தனை பேர் தாங்கிக்காகப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலே மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வெளியே சொல்லக்கூடிய ஒரு காரணத்தை நான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஐயா" என்றேன். "பிழை விட்டது நான். நான் எந்தப் பக்கம் எண்டு நீங்கள் கேக்கேல்லையே."

அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"அது சரி" என்றார். "பாப்பம் பிள்ளை." வைத்துவிட்டார்.

வைத்த கையோடு எனக்கு ஒருவகைத் திருப்தி இருந்தது. சரியான வசனத்தைச் சரியான இடத்தில் போட்டுவிட்டதான திருப்தி. இரவுச் சாப்பாடுவரை அது நின்றது.

சனிக்கிழமை பத்தரைக்குப் போனேன். முன்வாங்கில் நால்வர், நடுவில் ஐவர். வகுப்பு முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் ஒருமுறையும் பார்க்கவில்லை. வட்டப் பரப்பில் எண்ணெய் பரவும் வீதம் செய்துகொண்டிருந்தார். ஒரு பையன் ஆரைக்கு முதலிலேயே எண் போட்டுவிட்டான். "பேப்பரிலை வேலைக்குப் போகப் போறாய் போலை" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

பதினொன்றரைக்கு ரியூட்டரிக்காரர் வந்தார். எண்ணவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "என்ன செய்யிறது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ரீச்சர், "ஓம் ஐயா, விளங்குது" என்றார். விளக்கப் படங்களைப் பலகையிலிருந்து கழற்றிச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டார். விரும்புகிறவர்கள் மயிலிட்டியில் தன் வீட்டுக்கு வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். பேருந்து வசதி பார்த்து, நால்வர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்வதாக.

வெளியே வேலியோரம் நின்றபோது முந்திய நாள் அழைப்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தகப்பன் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். பதிலைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

ரீச்சர் சுருளைக் கைமாற்றிப் பிடித்தார். யார் அந்தத் தகப்பன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பிள்ளை நல்ல கெட்டிக்காரி அக்கா" என்றார். "மேற்குப் பக்கம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"அவர் கேட்டது அதை இல்லை ரீச்சர்."

"எனக்குத் தெரியாதே அவர் என்ன கேட்டவர் எண்டு. என்னட்டை எத்தினை பேர் கேட்டிருக்கினம். நான் எப்பவும் திசைதான் சொல்லுறனான். மேற்குப் பக்கம், கடற்கரையாலை வந்து இரண்டாம் ஒழுங்கை. அதுக்கு மேலை கேக்க அவையளுக்கு வாய் வராது. பிள்ளையை அனுப்பிப்போடுவினம்." சைக்கிளின் பூட்டைத் திறந்தார். "நான் சொல்லுறதை நான் சொல்லுற மாதிரியே ஒருக்கா எண்டாலும் விடுங்கோவன் அக்கா."

அவர் மயிலிட்டிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். நான் ஸ்கூட்டியைக் கிளப்பவில்லை. கணக்கீட்டு ஆசிரியரின் ஆட்கள் அந்தக் கொட்டகைக்குள் வாங்குகளைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.